அப்பாவின் கையை அவிழ்க்கச் சொல்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் உனக்கு எப்போதும் எழுதுவேன். இந்த முறை அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அப்பா மூக்கில் ஒரு குழாயும் முகத்தில் ஆக்சிஜன் மூடியும் கையில் ஊசியுமாக இன்னும் அதே கட்டிலில்தான் கிடக்கிறார். ஆஸ்பத்திரியில் உள்ளே விடும் நேரம் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தந்தி அடிக்கலாமே என்று முனைக்கடைச் சீன முதலாளி தவுக்கே கேட்டார். தந்தியைப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்புவாய். முடியவில்லை, தம்பி. முடியவிடவில்லை என்பதுதான் என் பிரச்சினையே. தவுக்கே கடைப் போனிலிருந்து பினாங்குக்கு டிரங்க் கால் போட்டும் பார்த்தேன். டாக்டர் வார்டில் இருக்கிறார், பிறகு கூப்பிடுங்கள் என்று ஒரு பெண் சொன்னாள். பிறகு கூப்பிட்டபோதும் நீ வார்டில்தான் இருந்தாய். ஆகவே கடிதம். இதைப் பாதியில் மடித்துக் கோட்டுப் பையில் செருகிவிடாதே. கடைசி வரை படி.

எனக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசும் தெம்பு எனக்கு இல்லை. "என் அப்பாவுக்குச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யுங்கள், எதையும் நிறுத்தாதீர்கள்" என்று இங்கே டாக்டர் லிம்முக்கு எழுதினாயே, அந்தப் பேச்சை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவை மூச்சு இருக்கும்போதே நம் காஜா பெராங் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். அதற்கு நீ இங்கே வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இது எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்று யோசித்து யோசித்து என் தலை வெடிக்கிறது. பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு இறங்கும்போதுதான் விழுந்தார். நல்லவேளை, பஸ்ஸில் ஆள் இல்லை. ஓட்டும்போது விழுந்திருந்தால் எத்தனை குடும்பம் என்று அவரே பிறகு வருத்தப்பட்டிருப்பார், பேச முடிந்திருந்தால். வலது பக்கம் மொத்தமாகப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அங்கே பெயர் எழுதுகிறவனிடம் நான் முதலில் சொன்னது அவர் பெயரை இல்லை. "என் மகன் பினாங்கில் டாக்டர்" என்று சொன்னேன். நர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னேன், தள்ளுவண்டிக்காரனிடம் சொன்னேன், டாக்டர் லிம் வந்ததும் அவனிடமும் சொன்னேன். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று அவன் கேட்டான். கேட்டதும் நிமிர்ந்து நின்றான். நீ அவனுக்கு மூத்தவனாம், உன் பழைய குறிப்புகளை வாங்கித்தான் பரீட்சைக்குப் படித்தானாம். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா? இனி அவரை ராஜா மாதிரி பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெருமைதான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால் அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது, உனக்கும் தெரிந்திருக்கும். இனி முடியாது என்று தெரிந்தால் பெரிய மிஸ்ஸி வந்து வீட்டுக்காரர்களை வராந்தாவுக்கு அழைப்பாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மட்டும் கேட்பாள். புரிந்துகொள்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். ஒரு கையெழுத்து, ஆம்புலன்ஸில் சிலிண்டரோடு வீட்டு வாசல் வரை, பிறகு கட்டிலில் கிடத்தி மூடியை எடுத்துவிடுவார்கள். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், எல்லாருக்கும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் காதர் பாயையும் அப்படித்தான் அனுப்பினார்கள், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மசாலைக் கடை வைத்திருந்தாரே, அவர்தான். பாய் போகும்போது அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் சேலையைச் சரிசெய்துகொண்டு வராந்தாப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்து என்னைத்தான் கூப்பிடுவாள் என்று. கூப்பிடவில்லை. டாக்டருடைய அப்பாவாயிற்றே! அவருக்கு யார் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்? எவளுக்கு வாய் வரும்?

நானே போய் லிம்மிடம் கேட்டேன். எழுந்து உட்காருவாரா என்று கேட்டதற்குக் கட்டிலில் தொங்கும் அட்டையைப் பார்த்தான். என்னோடு ஒரு வார்த்தையாவது பேசுவாரா என்று கேட்டதற்கு ஆக்சிஜன் குழாயைப் பார்த்தான். என் முகத்தைப் பார் ஐயா என்று மலாயில் சொன்னபிறகுதான் நிமிர்ந்தான், கண் கலங்கியிருந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, மருந்து கேட்கவில்லை, நாளுக்கு நாள் கீழேதான் போகிறது என்றான். அப்படியானால் வீட்டுக்கு அனுப்பு என்றேன். "சாயா தா பெரானி, மாக்சிக்," என்றான். துணிவில்லையாம். உன் கடிதம் அவன் மேஜையில் இருக்கிறதாம். மூத்தவர் செய்யச் சொன்னதை நிறுத்தினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சட்டைக் காலரில் இங்க் கறையோடு, சாப்பிட்டானோ இல்லையோ என்று நின்ற அந்தப் பையனைப் பார்த்தால் உன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. திட்ட முடியவில்லை.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் ஆனபோது உன் அப்பா பஸ்ஸின் முகப்பில் கொடி கட்டிக்கொண்டு ஓட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் சந்து வரும்போது ரப்பர் ஹாரனைப் பிடித்து அமுக்கி அமுக்கித் தெருவையே கூட்டினார். இனி வெள்ளைக்கார டாக்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், நம் பிள்ளைகளே டாக்டராக வருவார்கள், நம் பாஷையில் நமக்குச் சொல்வார்கள் என்று ஏறி இறங்கியவர்களிடமெல்லாம் சொன்னார். பிள்ளைகள் வந்துவிட்டீர்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பாஷையில் எதைச் சொன்னீர்கள்?

நீ நாலாவது வருஷ லீவில் வந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே கதை சொல்வாயே, அதில் ஒன்று எனக்கு இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய டாக்டர் முன்னால் போக, நீங்களெல்லாம் பின்னால் வரிசையாகப் போவீர்களாம். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று கேள்வி கேட்பாராம். சாகக் கிடக்கிறவன் கட்டில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அந்தக் கட்டில்ல நிக்க மாட்டோம்மா. அதுல படிக்க ஒண்ணும் இல்லனு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவார், நாங்களும் போயிடுவோம்" என்றாய். நான் இன்னொரு தோசை போட்டேன். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது உன் அப்பா அந்தக் கட்டிலில் கிடக்கிறார், தம்பி. வெள்ளைக் கோட்டுகள் வருகின்றன, அட்டையைப் பார்க்கின்றன, போய்விடுகின்றன. உங்களுக்கு எலும்பையெல்லாம் எண்ணிக் கற்றுக்கொடுத்தவர்கள், நிற்க மட்டும் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

நீயும் வந்தாய். தம்பின் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டாக்சி பிடித்து, முகம் கழுவாமல் நேராக வார்டுக்கு வந்தாய். நான் குறை சொல்ல எழுதவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். நீ அட்டையைப் படித்தாய். சொட்டு மருந்து இறங்கும் வேகத்தைச் சரிபார்த்தாய். கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தாய். அவர் கையைப் பிடித்தாய், அப்பாடா என்று நினைத்தேன். நாடியைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாய். மூக்கில் குழாய் போட்டு ஆகாரம் கொடுக்கச் சொன்னது நீதான். லிம்மோடு ஓரமாக நின்று இங்கிலீஷில் பேசினாய். பிறகு உன்னைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தேன். துணி அலமாரிக்குப் பின்னால், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு நாங்க படிக்கலம்மா. எனக்கு என்ன செய்யறதுனே தெரியல" என்றாய். அன்று நீ சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை அப்பாவிடம் வந்து சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். நீ லீவு இல்லை என்று சொல்லிவிட்டு வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டாய்.

நீ போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மிஸ்ஸி குழாயைப் போட்டாள். அப்பா அதைப் பிடுங்கிப் போட்டார். வலது கைதான் போனது, இடது கை இருக்கிறதே. திரும்பப் போட்டார்கள், திரும்பப் பிடுங்கினார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஆகவே அந்த இடது கையைப் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஆளுக்கு உயிரோடு மிச்சம் இருக்கும் ஒரே கையை! வாய் பேசாது, கால் நகராது. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் இருந்தது அந்த ஒரு கைதான். கட்டியது ரோசம்மா என்கிற சின்ன மிஸ்ஸி, மலையாளத்துப் பெண், உன் வயதுகூட இருக்காது. கட்டிவிட்டுப் பின்கட்டில் போய் அழுதாள். "குழாய் போனா என்னையல்லே கேப்பாங்க அம்மா, டாக்டரோட அச்சன் வேற," என்றாள். எல்லாரும் அழுகிறீர்கள். ஆளாளுக்கு ஒரு மூலையில் போய் அழுகிறீர்கள். அவர் மட்டும் நடுவில் கட்டுண்டு கிடக்கிறார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும் என்று நீ லிம்முக்கு எழுதியிருக்கிறாயாம். உனக்குத் தெரியும், தம்பி. நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். அவரோடு கண்டக்டராக இருந்த சின்னக்கண்ணு ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய், துணி சுற்றி வேனில் வந்தார் அல்லவா? அதற்கு மறுநாள் மத்தியானம் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டே அப்பா சொன்னார், "என்னைய அப்படி பார்சல் கட்டி அனுப்பிடாதீங்கடா. வாசல் எதுன்னு கண்ணு தெரியும்போதே கொண்டாந்துடுங்க. உங்கம்மா கையால நாக்குல ஒரு சொட்டுப் பால், அது போதும்." நீ சிரித்தாய். "இன்னும் இருபது வருஷம் பஸ் ஓட்டுவீங்கப்பா, சாப்பிடுங்க" என்றாய். நானும்தான் சாப்பிடும்போது என்ன பேச்சு என்று அதட்டினேன். ஆனால் அவர் சொன்னார், நாம் கேட்டோம். இப்போது பால் சொட்டு வேண்டும் என்று மிஸ்ஸியைக் கேட்டால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும், டாக்டர் ஒன்றும் வாயில் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறார் என்கிறாள். அந்த டாக்டர் நீதான்.

நானே கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்துவிட மாட்டேனா என்று நீ கேட்கலாம். போடுவேன். பெண்டாட்டி கையெழுத்துப் போட்டால் லிம் தடுக்க முடியாது என்று ரோசம்மாவும் சொன்னாள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. காதர் பாய் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி மரியம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டுக்குக் கொண்டாந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. பிள்ளைங்க எல்லாம் சுத்தி உக்காந்து ஓதுச்சுங்க, நான் வாயில தண்ணி விட்டேன். ஆனா அந்த மூடிய எடுத்துட்டு ஆம்புலன்ஸ்காரன் போயிட்டான்லா. அதுக்கப்புறம் மூச்சு இழுத்துச்சு பாருங்க, யா அல்லா. சாயங்காலம் அசர் தொழுகை நேரம் வரைக்கும் இழுத்துச்சு. முதுகத் தூக்கணுமா, படுக்க வைக்கணுமா, ஒண்ணும் தெரியல. யாரும் சொல்லல. அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்குது." அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கேட்டபடியே நான் கொண்டு வந்து, என் கண் முன்னால் அவர் அப்படித் தவித்தால்? என் கையால் பால் ஊற்றி, அதுவே அடைத்துக்கொண்டால்? ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதும் கொடுமை, கொண்டு வந்து விடுவதும் கொடுமை என்றால் நான் எங்கே போவேன்?

ரோசம்மாவிடம் கேட்டேன். மூச்சுத் திணறலுக்கு ஓர் ஊசி இருக்கிறதாம், போட்டால் தவிப்பு அடங்குமாம், அமைதியாக இருப்பாராம். ஆனால் அது பூட்டி வைத்திருக்கும் மருந்து, டாக்டர் எழுதி டாக்டர் பொறுப்பில்தான் வெளியே போகும், வீட்டுக்கு வந்து போட ஆள் கிடையாது என்றாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. உன்னை டாக்டர் வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு மகனாக மட்டும் வா என்று எழுதத்தான் நேற்று வரை நினைத்திருந்தேன். அது தப்பு. உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வா. லிம்மைப் பார்த்து அந்த ஊசியை எழுதி வாங்கு. அவனையும் கூட்டிக்கொண்டு வா, அவனும் பார்க்கட்டும். நாளைக்கு இன்னொருத்தியின் புருஷன் அந்தக் கட்டிலில் கிடப்பான். மூடியை எடுத்தால் மூச்சு எப்படிப் போகும், எப்போது ஊசி, எப்போது தலையைத் தூக்கிப் பிடிப்பது, பாலைப் பஞ்சில் நனைத்து நாக்கில் தடவலாமா, எல்லாம் எனக்குச் சொல். உனக்கும் தெரியாதென்றால் பினாங்கில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டு வா. ஒருவருக்கும் தெரியாதென்றால் பரவாயில்லை, தெரியாமலே வா. தெரியாதவர்கள் ரெண்டு பேராவது பக்கத்தில் இருப்போம்.

குற்றம் செய்துவிடுவோமோ என்றுதான் உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பெற்ற அப்பனுக்கு ஆக்சிஜனை எடுக்கச் சொன்னான் என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். நான் சொன்னேன் என்று சொல். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன், இந்தக் கடிதத்தையே காட்டு. நீ அவரைக் கொல்லவில்லை. அவரை இந்த நோய் கூட்டிக்கொண்டு போகிறது. போகிறவரைப் பிடித்து இழுக்கிறோம், அவர் முகம் சுளிக்கிறார். அதை நீ பார்க்கவில்லை, நான் தினம் பார்க்கிறேன்.

கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டுக் கட்டிலைப் போட்டிருக்கிறேன், தலையைத் திருப்பாமலே வாசல் தெரிகிற மாதிரி. அவருடைய ஷெட்டு ஆட்கள் இன்றைக்கும் நம் சந்தைத் தாண்டும்போது அவர் செய்த மாதிரியே ஹாரனை அமுக்கிவிட்டுப் போகிறார்கள். அவர் வீட்டில் இல்லாதபோது அது கேட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன், ஆனால் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வந்து படுத்துக்கொண்டு அவர் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதாவிட்டால் நீ கிளம்ப மாட்டாய். நான் போய் உட்காரும் நேரத்தில் மட்டும் ரோசம்மா யாரும் பார்க்காமல் அவர் கைக்கட்டை அவிழ்த்துவிடுவாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், குழாய்ப் பக்கம் போகாமல். அவர் என் விரல்களை அமுக்குவார், ஹாரனை அமுக்குகிற மாதிரி, விட்டு விட்டு. நேற்று நேரம் முடிந்து மணி அடித்ததும் அவள் வேறொரு கட்டிலில் மாட்டிக்கொண்டாள். "நேரமாச்சு அம்மா, நீங்களே கட்டிடுங்க," என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

கட்டினேன், தம்பி. முதல் முடிச்சு போடும்போது அவர் இன்னும் என் விரலை அமுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது முடிச்சில் நிறுத்திவிட்டார், என் முகத்தையே பார்த்தார். இன்றைக்கும் மணி அடிக்கும், இன்றைக்கும் நான்தான் கட்டவேண்டி வந்தாலும் வரும். அந்தக் கண்ணை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. கிளம்பு.

அம்மா